கழுத்துப் பிடிப்பா, சுளுக்கா, விறைப்பா? வன்னி வழக்கில் எதை எதற்குச் சொல்கிறோம்

மல்லாவி வாசகி எழுதியது:

உறவுகள் அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் தையல் பயிற்சிக்கு வரும் பெண்களுக்காகக் கழுத்தையும் தோளையும் பேணுவது பற்றி இரண்டு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்றை ஆயத்தம் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஆங்கிலத்திலிருந்து யாரோ பெயர்த்த மாதிரிப்படி ஒன்றையும் தந்தார்கள். அதன் தலைப்பு 'கழுத்துத் தசை இசிவு'. அதை நான் உரத்து வாசித்தபோது, இயந்திரத்துக்கு நூல் கோத்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் நூலை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளை, இசிவெண்டால் காய்ச்சல் முத்திச் சன்னியில வாறதெல்லோ? எங்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்லையே" என்றார்.

நாம் சொல்ல வந்தது வேறு. விடிய எழும்பும்போது தலையை ஒரு பக்கம் திருப்ப முடியாமல், பிடரியிலிருந்து தோள்மூட்டு வரைக்கும் முறுக்கிய கயிறு போல இறுகி நிற்குமே, சில நாட்களில் தானாக இளகிவிடுமே, அதைத்தான். அதற்கு என்ன பெயர் சொல்வீர்கள் என்று அங்கேயே கேட்டேன். கழுத்துப் பிடிப்பு, சுளுக்கு, உளுக்கு, நரம்பு பிரண்டது, வாயு, பிடரி இழுக்கிறது, கழுத்து விறைத்துப்போனது என்று ஏழு விடைகள் வந்தன. எல்லாம் ஒரே பொருள்தானா, அல்லது ஒவ்வொன்றும் வேறு வேறா? உங்கள் ஊரில் எந்தச் சொல்லை எந்த வேளையில் சொல்வார்கள் என்பதை, அவர்கள் சொல்லும் வசனத்தோடு எழுதினால் பேருதவியாக இருக்கும்.

நெடுங்கேணிக் கமக்காரன் எழுதியது:

தங்கச்சி, சுளுக்கும் பிடிப்பும் எங்கள் பக்கத்தில் ஒன்றல்ல. சுளுக்கு என்றால் அது நடந்த நேரத்தைச் சொல்ல முடியும். வரம்பில் கால் சறுக்கியது, நெல்மூடையை இருவராகத் தூக்கும்போது மற்றவர் முந்திக் கைவிட்டது, வண்டிப் பெட்டியிலிருந்து குதித்தது என்று ஒரு காரணம் அதற்கு இருக்கும். "எப்ப சுளுக்கினது?" என்று கேட்டால், "முந்தநாள் மூடை ஏத்தேக்க" என்று விடை வரும். பிடிப்புக்கு அப்படி நேரம் சொல்ல முடியாது. படுக்கும்போது நன்றாக இருந்தது, எழும்பும்போது பிடித்திருந்தது என்றுதான் சொல்வார்கள்.

என் தகப்பனார் காலபோகச் சூடடிப்பு முடிந்த இரவுகளில் களத்திலேயே நெல்லுக்குக் காவலாகப் படுப்பார். தலைக்கு மடித்த சாக்கு, மேலே மாசிப்பனி. அடுத்த நாள் காலையில் அவரைப் பின்னால் நின்று கூப்பிட்டால் கழுத்துத் திரும்பாது. காலை எடுத்து வைத்து, இடுப்போடு சேர்த்து, முழு உடம்பையும் திருப்பித்தான் எங்களைப் பார்ப்பார். தேநீரை அண்ணாந்து குடிக்க முடியாமல் கோப்பையை வாய்க்கு நேரே பிடித்து உறிஞ்சுவார். அம்மா எங்களிடம், "அப்பாவுக்குக் கழுத்துப் பிடிச்சுப்போட்டுது, இடப்பக்கம் நிண்டு கதையாதேங்கோ" என்பார். எந்தப் பக்கம் பிடித்திருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

இன்னொன்றையும் கவனியுங்கள். சுளுக்குக்குக் "கையைச் சுளுக்கிப்போட்டேன்" என்று நாம் செய்த காரியமாகச் சொல்வதுண்டு. "கழுத்தைப் பிடிச்சுப்போட்டேன்" என்று ஒருவரும் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் வேறொருவனின் கழுத்தைப் பிடித்ததாகிவிடும். கழுத்துத்தான் பிடிக்கும், நாரிதான், அதாவது இடுப்புத்தான் பிடிக்கும். நாரிப்பிடிப்பு, வாயுப்பிடிப்பு என்று கழுத்துக்குக் கீழேயும் இதே சொல்தான் நடக்கிறது. ஆகவே உங்கள் பிரசுரத்துக்குக் 'கழுத்துப் பிடிப்பு' போதும் என்பது என் எண்ணம்.

முள்ளியவளை ஆசிரியர் எழுதியது:

கமக்காரத் தம்பியின் பாகுபாடு மிகச் சரியானது. ஆச்சி ஏன் திடுக்கிட்டார் என்பதற்குச் சொற்களின் வேர்களே விடை தருகின்றன என்பதால், அதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

இசித்தல் என்றால் இழுத்தல். நரம்பும் தசையும் தம் வசமின்றி இழுபடுவது இசிவு. வலித்தல் என்பதற்கும் இழுத்தல் என்ற பொருள் உண்டு. முல்லைத்தீவுக் கரையில் தண்டு வலித்தல் என்று தோணிக்காரர் சொல்வது இந்த வலித்தல்தான். உடம்பை யாரோ பிடித்து இழுப்பது போல வெட்டி வெட்டி இழுப்பதால்தான் வலிப்பு என்ற பெயர் வந்தது. நம்முடைய பழைய பேச்சில் 'வலி' என்று தனியே சொன்னாலும் அது வலிப்பையே குறிக்கும். உடம்பு நொந்தால் நாம் 'வலி' என்று சொல்லி வளரவில்லை. கழுத்து நோ, கால் நோ, நாரி உளைவு, தலையிடி, வயிற்றுக்குத்து என்று இடத்துக்கும் தன்மைக்கும் ஏற்ப வேறு வேறு சொற்கள் வைத்திருந்தோம். 'நோ' என்பதைக் கொச்சை என்று நினைக்கும் பிள்ளைகளை வகுப்பில் பலமுறை கண்டிருக்கிறேன். புறநானூற்று 192ஆம் பாடலில் 'யாதும் ஊரே' என்று தொடங்கிய கணியன் பூங்குன்றனார், 'நோதலும் தணிதலும்' என்றே எழுதினார் என்று சொல்லித்தான் அவர்களை ஆற்றுப்படுத்துவேன்.

உளுக்கு என்பதையும் சுளுக்கின் திரிபு என்று ஒதுக்கிவிட வேண்டாம். 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகன் உளுக்குதலுக்கும் தனி இடம் கொடுத்திருக்கிறது. கெண்டைக்காலில் இரவில் தசை உருண்டு திரண்டு நிற்பதைக் 'கெண்டை பிரண்டிட்டுது' என்பார்கள். பிறழ்தல், புரளுதல் என்பவற்றோடு உறவுடைய இந்தச் சொல்லே கழுத்துக்கும் ஏறி 'நரம்பு பிரண்டது' என்று ஆகியிருக்கிறது. மருத்துவர் தசை என்று சொல்லும் இடத்தில் நம்மவர் நரம்பு என்று சொல்வது வழக்கம். தோலுக்குக் கீழே கயிறு போலத் தட்டுப்படுவது எதுவானாலும் கிராமத்தில் அது நரம்புதான்.

மருத்துவத்தைத் தமிழில் சொல்வது நமக்குப் புதிய வேலை அல்ல. 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்து தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் கற்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். அந்த வேலை நடந்த இடத்துக்குக் கடல்நீரேரிக்கு இப்பால் இருக்கும் நாம், ஒரு துண்டுப்பிரசுரத்துக்குச் சொல் இல்லையே என்று தடுமாறக்கூடாது என்ற ஆதங்கத்தில்தான் இவ்வளவையும் எழுதினேன்.

வவுனியா இளையவன் எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஆனாலும் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. இன்று கைத்தொலைபேசியில் தேடும் பிள்ளை 'தசைப்பிடிப்பு' என்றோ 'கழுத்து வலி' என்றோதான் தேடும். தமிழ்நாட்டுக் காணொளிகளில் 'கழுத்துச் சுளுக்கு' என்றே இதைச் சொல்கிறார்கள். தூக்கத்தில் வந்தாலும் சுளுக்கு, மூட்டை தூக்கி வந்தாலும் சுளுக்கு. வட்டாரச் சொல்லை வைத்து எழுதினால் பிரசுரம் நெடுங்கேணியைத் தாண்டாது. எல்லோருக்கும் பொதுவாகக் 'கழுத்துத் தசைப்பிடிப்பு' என்று போட்டுவிடுவது நல்லதல்லவா?

கிளிநொச்சித் தாதி எழுதியது:

தம்பி, எல்லோருக்கும் பொதுவான சொல் வேண்டும் என்ற உங்கள் விருப்பம் எனக்கு விளங்குகிறது. ஆனால் ஆசுப்பத்திரி விடுதியில் நிற்கும்போது, நோயாளி என்ன சொல்கிறார் என்பதைச் சரியாகக் கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். வாசகி அக்காவின் ஏழு சொற்களில் ஆபத்தானது 'விறைப்பு' என்ற சொல்தான். அதனால் அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

நமது பேச்சில் விறைத்தல் என்றால் இரண்டு. குளிரில் கை விறைக்கிறது, ஒரே இடத்தில் இருந்து கால் விறைத்துப்போனது என்று உணர்வு மரத்துப்போவதற்குச் சொல்வோம். பல் பிடுங்க முன் போடுவதும் விறைப்பு ஊசிதான். மற்றது, மரம் போல வளையாமல் நிற்பது. மருத்துவ நூலில் 'கழுத்து விறைப்பு' என்று எழுதப்படுவது இந்த இரண்டாவது. காய்ச்சல், கடுமையான தலையிடி, சத்தி (வாந்தி), வெளிச்சத்தைப் பார்க்கக் கண் கூசுதல் ஆகியவற்றோடு நாடியை (முகவாயை) நெஞ்சில் முட்டக் குனிய முடியாமல் கழுத்து நின்றால், அது மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் வந்த அழற்சியாக இருக்கக்கூடும். ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக்கூடாது. பிடிப்பு வந்தவருக்கோ பக்கவாட்டில் திருப்புவதுதான் பெரும்பாடாக இருக்கும், காய்ச்சலும் இராது.

ஒரு நாள் ஒரு தாய் வந்து, "பிள்ளைக்குக் கழுத்து விறைக்குது" என்று சொன்னார். பதிவு எழுதியவர் வேறு வட்டாரத்தவர். 'கழுத்து மரத்துப்போதல்' என்று குறித்துவிட்டார். நல்ல வேளையாக, பிள்ளையைக் கட்டிலில் கிடத்தித் தலைக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கிய மூத்த தாதி ஒருவர், தலையோடு சேர்ந்து தோளும் எழும்புவதைக் கண்டு உடனே வைத்தியரை அழைத்தார். அந்தப் பிள்ளை சுகமாகி வீட்டுக்குப் போனது. ஆனால் அந்தக் குறிப்பை வாசித்த நேரத்தில் எனக்கு ஏற்பட்ட பதற்றம் இன்றும் நினைவில் இருக்கிறது.

அடுத்தது ஏற்பு. காயம் பட்டால் 'ஏற்பு ஊசி போட்டதா' என்று கேட்கிறோமே, அந்த ஏற்புவலி (டெட்டனஸ்). ஆணி குத்திய புண்ணிலோ மண் பட்ட வெட்டிலோ கிருமி இறங்கி, பெரும்பாலும் 3 முதல் 21 நாட்களுக்குள், முதலில் வாய் திறக்க முடியாமல் தாடை பூட்டிக்கொள்ளும். பிறகு கழுத்து, முதுகு என்று இறுகி உடம்பு வில்லாக வளையும். சித்த மருத்துவத்தில் இதைத் தனுர்வாதம் என்று சொல்வது அந்த வில்லை வைத்துத்தான். குழந்தைகளுக்கு 2, 4, 6 ஆம் மாதங்களிலும் 18ஆம் மாதத்திலும் 5 வயதிலும் போடும் தடுப்பூசிகளில் இதற்கான பாதுகாப்பும் அடங்கியிருப்பதால் இந்த நோயை இப்போது அரிதாகவே காண்கிறோம். என்றாலும், காணியில் வேலை செய்பவர் 'கழுத்துப் பிடித்துவிட்டது' என்று வந்தால், கால் பாதத்தைப் பார்க்காமல் நான் விடுவதில்லை.

மூன்றாவதாக ஒன்றையும் பிரசுரத்தில் சேர்க்கும்படி வேண்டுகிறேன். சத்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட் என்ற மருந்து சிலருக்கு, அதிலும் இளவயதினருக்கு, கழுத்தை ஒரு பக்கமாக முறுக்கி, கண்ணை மேலே செருக வைத்துவிடும். ஒரு வீட்டில் இதைச் சுளுக்கு என்று எண்ணி அரைநாள் எண்ணெய் போட்டு உருவியிருந்தார்கள். உரிய ஊசி மருந்து கொடுத்தால் பெரும்பாலும் விரைவில் தளர்ந்துவிடும். மருந்து குடித்த பின் வந்த முறுக்கு என்றால், வீட்டில் வைத்திருக்காமல் குளிசை மட்டையோடு கூட்டிவர வேண்டும்.

ஆகவே 'பிடிப்பு' என்ற சொல்லை நான் ஏற்றுக்கொள்வது பழக்கம் கருதி மட்டுமல்ல. கழுத்து எலும்புகளுக்கு இடையிலுள்ள சிறு மூட்டு ஒன்று நொந்தால், அதை அசையவிடாமல் காப்பதற்காகச் சுற்றியுள்ள தசைகள் இறுகிப் பிடித்துக்கொள்கின்றன. காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்புக்கு வரும் தசையும், கழுத்திலிருந்து தோட்பட்டைக்கு இறங்கும் தசையும்தான் பெரும்பாலும் இப்படிப் பிடிப்பவை. பிடிப்பு என்று பெயர் வைத்தவர் உடற்கூற்றியல் படித்திருக்கமாட்டார். ஆனால் உள்ளே நடப்பதை அப்படியே சொல்லியிருக்கிறார்.

ஏ9 மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

தாதி அக்கா சொன்ன தவறு எனக்குப் புதிதல்ல. தமிழ் தெரியாத வைத்தியருக்கும் சிங்களம் தெரியாத நோயாளிக்கும் நடுவில் நின்று பல ஆண்டுகள் சொல் மாற்றியிருக்கிறேன். வியப்பு என்னவென்றால், 'உளுக்கு' என்றால் சிங்களத்திலும் சுளுக்குத்தான். அங்கேயும் 'உளுக்கு' என்றே சொல்கிறார்கள். கெண்டை பிரள்வதை அவர்கள் 'கெண்ட பெரலீம' என்கிறார்கள். அதுவும் கெண்டை புரள்வதுதான். நமது ஆச்சிமார் ஏட்டுத் தமிழில் பேசாமல் தங்கள் வழக்கிலேயே உளுக்கு, கெண்டை பிரண்டது என்று சொன்ன நாட்களில் என் வேலை இலகுவாக இருந்தது. 'தசை இசிவு' என்று எழுதிக்கொண்டு வந்தவருக்குத்தான் நான் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

'வலி வந்தது' என்று ஒருவர் சொன்னால், நோவா வலிப்பா என்று கேட்காமல் நான் மொழிபெயர்ப்பதே இல்லை. அறுபது வயதுக்கு மேற்பட்டவர் சொன்னால் பெரும்பாலும் வலிப்பு. இருபது வயதுப் பிள்ளை சொன்னால் பெரும்பாலும் நோ. ஒரே வீட்டில் பேத்தியும் அம்மம்மாவும் ஒரே சொல்லை இரண்டு நோய்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வவுனியா இளையவன் எழுதியது:

இதை வாசித்ததும் எனக்குச் சென்ற ஆண்டு நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. திருச்சியில் இருக்கும் எங்கள் மாமியிடம் தொலைபேசியில் பேசிய அம்மம்மா, "சின்னவனுக்கு வலி வந்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனவை" என்றார். அங்கேயே வளர்ந்த மாமியின் மகள், எங்கே வலி என்று கேட்டு, சுக்குத் தட்டிப் பற்றுப் போடும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மம்மாவோ, வலிக்குப் பற்றுப் போடச் சொல்கிறாளே என்று மனம் நொந்து தொலைபேசியை வைத்துவிட்டார். அன்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. என் மறுப்பை விலக்கிக்கொள்கிறேன். ஆனால் தேடுகிற பிள்ளைக்கு அகப்படும்படி 'தசைப்பிடிப்பு' என்ற சொல்லும் உள்ளே ஓரிடத்தில் வரட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நெடுங்கேணிக் கமக்காரன் எழுதியது:

அது நியாயமான கேள்வி தம்பி. தாதிப் பிள்ளையிடம் எனக்கும் ஒரு சந்தேகம். எங்கள் ஊரில் கழுத்துப் பிடித்தால் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தணம் கொடுப்பார்கள், நொச்சியிலை அவித்து ஆவி பிடிப்பார்கள், தலையணையை வெயிலில் காயவைப்பார்கள், முடிவெட்டும் கடையில் தலையைப் பிடித்து ஒரே வெட்டாகத் திருப்பி நெட்டி முறித்தும் விடுவார்கள். இவற்றில் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது?

கிளிநொச்சித் தாதி எழுதியது:

ஒத்தணம் நல்லது ஐயா. சூட்டை முதலில் உங்கள் கையில் வைத்துப் பார்த்த பிறகு கொடுங்கள். தலையணையை வெயிலில் போடுவதால் தீங்கு ஒன்றும் இல்லை. ஆனால் நெட்டி முறிப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். கழுத்தின் வழியே மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் உட்சுவர் அந்த ஒரு வெட்டில் கிழிந்து, பாரிசவாதத்தில் (பக்கவாதத்தில்) முடிந்த நேர்வுகள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. கழுத்தை அசைக்காமலே நாள்கணக்கில் படுத்திருப்பதும் வேண்டாம். நோவு தாங்கும் அளவுக்கு மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தால் விரைவில் இளகும். கை விறைத்தால், கையில் பலம் குறைந்தால், அல்லது நெஞ்சில் தொடங்கிய நோ கழுத்துக்கும் தாடைக்கும் ஏறினால், அதைப் பிடிப்பு என்று எண்ணி வீட்டில் இருக்கக்கூடாது.

முள்ளியவளை ஆசிரியர் எழுதியது:

சுளுக்கு எடுத்தல் என்பதற்குத் திமிர் பிடித்தவனை அடக்குதல் என்ற பொருளும் உண்டு என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். 'சுளுக்கு எடுத்துவிடுவார்கள்' என்று பிரசுரத்தில் எழுதினால் பெண்கள் சிரிப்பார்கள். 'உருவிவிடுதல்', 'தடவிவிடுதல்' என்றே எழுதுங்கள்.

மல்லாவி வாசகி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றுப் பிற்பகல் புதிய படியை அதே பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். தலைப்பு 'கழுத்துப் பிடிப்பு'. முதல் பந்தியில், இதைத் தசைப்பிடிப்பு என்றும் சுளுக்கு என்றும் சிலர் சொல்வர் என்று ஒரு வரி வைத்திருக்கிறேன். 'விறைப்பு' என்ற சொல்லைத் தனியே எங்கும் விடவில்லை. மரத்துப்போதல் என்றால் 'உணர்வு இல்லாமல் விறைத்தல்' என்றும், மற்றதை 'நாடி நெஞ்சில் முட்டக் குனிய முடியாமை' என்றும் எழுதினேன். 'வலி' என்பதை முழுவதும் நீக்கி 'நோ' என்று போட்டேன்.

முன்பு இசிவுக்குத் திடுக்கிட்ட அதே ஆச்சி இம்முறையும் நூலை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். 'காலையில் எழுந்திருக்கும்போது' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "விடிய எண்டு போடு பிள்ளை. காலையில எண்டால் வேலைக்குப் போன பிறகும் காலைதானே. இது பாயில கிடக்கேக்கயே தெரியும்" என்றார். அதையும் திருத்திவிட்டேன். திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன்.